தேரியின் செம்மண் இடுக்கில் ஒரு மார்கழிக் காலை

செம்மணல் மேடுகள் விரிந்த தேரிக்காட்டைக் கோடையில் பார்த்தவர்களுக்கு அது கால் வைக்க முடியாத நெருப்புக் காடு. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில், மணல் ஈரம் பிடித்து இறுகியிருக்கும்போது, குழந்தைகளையும் ஆச்சியையும் அழைத்துக்கொண்டு தாராளமாக நடக்கலாம். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனாரை வணங்கிவிட்டு, காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். (1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது இப்பகுதி அதனோடு சென்றுவிட்டது, எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான்.)

கொல்லாமரங்களை (முந்திரி மரங்களை) தாண்டியதும் மழைநீர் அறுத்த ஓடை ஒன்று தொடங்கியது. முதலில் முழங்காலளவே இருந்த கரை, வளைவுக்கு வளைவு உயர்ந்து என் தலையைக் கடந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல முடிந்தது. விரலால் தொட்டால் உலர்ந்த மேல்மண் உதிர, உள்ளே ஈரமான கருஞ்சிவப்பு தெரிந்தது. அறுபட்ட பனைவேர்கள் கயிற்று நுனிகளாகத் தொங்கின. மணல் துகள்களின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதே இந்தச் சிவப்புக்குக் காரணம் என்று மகளுக்கு நான் விரிவாக விளக்கிக்கொண்டிருக்க, "துருப்பிடிச்ச மண்ணுன்னு சொன்னா முடிஞ்சுது" என்றார் ஆச்சி.

இது பாறையன்று, எந்நேரமும் சரியக்கூடிய மணற்கரை என்பதால், அதன்மேல் ஏற முயன்ற மகனைக் கடிந்துகொள்ள நேர்ந்தது. வானம் கறுத்திருந்தால் ஓடைக்குள் இறங்கியே இருக்க மாட்டோம்.

பத்தரை மணிக்கே தண்ணீர் தீர்ந்தது என் கணக்குப் பிழை. கொல்லாமர நிழலில் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். நான் செருப்பைத் தட்டியபோது கொட்டிய சிவப்பு மண்ணை மகள் தன் பென்சில் டப்பாவில் அள்ளி வைத்துக்கொண்டாள்.