இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன் புராஜெக்ட்: கையெழுத்து வாங்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்

பயிற்சி வடிவமைப்புப் படிப்பில் எழுத்துத் தேர்வு அவ்வளவு படுத்தாது. ஆளைப் படுத்துவது கடைசியில் வரும் புராஜெக்ட்தான். ஏதாவது ஒரு நிறுவனத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பயிற்சியை முதலிலிருந்து கடைசி வரை வடிவமைத்து, நடத்தி, பலன் என்ன என்று காட்ட வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஒரு தனியார் மருத்துவமனையில் மருத்துவக் கழிவுகளை நிறவாரியாகப் பிரித்துப் போடும் பயிற்சி. இந்த வருடம் புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு உதவும் என்று சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

அனாலிசிஸ் (தேவையை ஆராய்வது), டிசைன் (திட்டமிடுவது), டெவலப்மென்ட் (பாடத்தைத் தயாரிப்பது), இம்ப்ளிமென்டேஷன் (நடத்துவது), எவால்யுவேஷன் (மதிப்பிடுவது) என்ற ஐந்து கட்டங்களை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆடி' (ADDIE) மாடல் என்பார்கள். இதன் பூர்வீகம் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வரலாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 1975இல் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய நடைமுறை. ஐந்து கட்டங்களுக்குள் 19 படிகள் இருந்தன. கடைசிக் கட்டத்துக்கு அப்போது கன்ட்ரோல் என்று பெயர். ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குப் பயிற்சி தர எழுதப்பட்டது என்பதால்தான் அதில் அவ்வளவு பேப்பர் வேலை. உங்கள் சின்ன புராஜெக்ட்டுக்கு ஆவணங்களைக் குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் யார் எதை முடிவு செய்தார்கள், எங்கே கையெழுத்து போட்டார்கள் என்பதை மட்டும் குறைக்காதீர்கள். புராஜெக்ட்டை நிர்வகிப்பது என்றால் பாதி வேலை அதுதான்.

அனாலிசிஸில் தாராளமாக நேரம் செலவழியுங்கள். நிர்வாகம் உங்களிடம் வரும்போதே தீர்வோடு வரும்: "எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துடுங்க." உடனே தலையாட்டிவிடாமல் முதலில் வார்டுக்குப் போய் நில்லுங்கள். காலையில் டிரெஸ்ஸிங் நடக்கும் நேரம்தான் சரியான நேரம். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில். டிரிப் செட், கிளவுஸ், ஊசி கழற்றிய சிரிஞ்ச் சிவப்பில். ஊசி, பிளேடு எல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். உடைந்த கண்ணாடிக் குப்பி நீலத்தில் போக வேண்டும். சுவரில் அழகான போஸ்டரும் இருந்தது. அப்படியும் மஞ்சள் பையில் கிளவுஸ் கிடந்தது.

ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவரிடம், "அக்கா, கிளவுஸ் எதுல போடணும்?" என்று கேட்டேன்.

"சிவப்புலதான். ஆனா சிவப்பு டப்பா அந்தக் கோடியில இருக்கு. கையில இவ்வளத்த வெச்சுக்கிட்டு யாரு அங்க வரைக்கும் நடக்குறது?"

இந்தத் துறையில் ரொம்ப நாளாகப் புழங்கும் ஒரு கேள்வி இருக்கிறது: செய்யாவிட்டால் உயிரே போகும் என்றாலும் அந்த ஊழியருக்கு இதைச் செய்யத் தெரியாதா? தெரியும் என்றால் அது பயிற்சிப் பிரச்சினை இல்லை. டப்பாவை ட்ராலிக்குப் பக்கத்தில் வைப்பது நிர்வாகத்தின் வேலை. அதை எந்த வகுப்பும் சரிசெய்யாது. அதனால் அனாலிசிஸ் அறிக்கையை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்: பயிற்சியால் தீர்பவை, பயிற்சியால் தீராதவை. இரண்டாவது பட்டியலுக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் போட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து "பயிற்சி சரியில்லை" என்ற பேச்சு உங்கள் தலையில்தான் விழும்.

இதே கட்டத்தில் செய்ய வேண்டிய இன்னொன்றைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்: பயிற்சிக்கு முந்தைய நிலையைப் பதிவு செய்வது. நோய்த்தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸோடு சேர்ந்து பைகளைப் பார்த்து, எந்தப் பையில் எந்தப் பொருள் தவறாக வந்திருக்கிறது என்று ஒரு செக்லிஸ்ட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தினசரிக் கழிவுப் பதிவேட்டை மருத்துவமனை எப்படியும் வைத்திருக்க வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள். முன்னால் எண்ணாமல் விட்டதைப் பின்னால் ஒப்பிட முடியாது.

டிசைனில் முதல் வேலை பயிற்சி நோக்கங்களை எழுதுவது. "கழிவு மேலாண்மை குறித்துப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் கைடு சிவப்பு மை போடுவார், போடவும் வேண்டும். புரிந்துகொண்டதை எப்படிப் பார்ப்பது? ராபர்ட் மேகர் 1962இல் சொன்ன மூன்று பகுதிகள் இன்றைக்கும் போதும்: என்ன செய்வார், எந்தச் சூழலில், எந்த அளவு சரியாக. நான் எழுதியது இப்படி: "டிரெஸ்ஸிங் முடிந்த ட்ராலியில் உள்ள பொருட்களை, போஸ்டரைப் பார்க்காமல், உரிய நிறப் பையில் பிரித்துப் போடுவார், ஊசி, பிளேடு விஷயத்தில் ஒரு தவறும் இருக்கக் கூடாது." இப்படி எழுதிவிட்டால் தேர்வு தானாகவே வந்துவிடும். ஒரு தட்டில் பயன்படுத்தாத புதுப் பொருட்களை வைத்துப் பிரிக்கச் சொன்னால் சரி. எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்குத் தாளில் கேள்வி கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

தேர்வைத் தயாரித்த பிறகு பாடத்துக்கு வாருங்கள். இங்கேதான் துறை வல்லுநர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டாக்டருக்கு விதிகளின் வரலாறு வேண்டும், கிருமிகளின் படம் வேண்டும், எல்லாமே முக்கியம். நேரடியாக மறுக்க வேண்டாம். நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள்: தேவை, நோக்கம், தேர்வு, பாடம். ஒவ்வொரு பாடப் பகுதியும் எந்த நோக்கத்துக்கு, எந்தத் தேவைக்கு என்று அதில் தெரிய வேண்டும். கிருமிப் படத்துக்கு நேராக மூன்று கட்டங்களும் காலியாக இருந்தால், பார்க்கிறவரே "சரி, எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவார். எடுத்தவற்றை 'சேர்க்காதவை' என்று டிசைன் ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி அதற்கும் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் யாராவது "இதையும் சேர்த்துடலாமே" என்று வரும்போது அந்தப் பக்கம்தான் காப்பாற்றும்.

கையெழுத்து போடுகிறவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். கருத்துச் சொல்ல எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு டாக்டர்கள் முரண்பட்டால் யார் சொல்வது கடைசி என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், கால அட்டவணையில் அவர்கள் படித்துப் பார்க்கும் நாட்களைத் தனி வரியாகப் போடுங்கள். பெரும்பாலான புராஜெக்ட்கள் தாமதமாவது எழுதும் இடத்தில் இல்லை, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் இடத்தில்தான்.

டெவலப்மென்ட் பற்றி இரண்டே விஷயம். முழுப் பாடத்தையும் தயாரிக்காமல் ஒரு பகுதியை மட்டும் செய்து, இரவு ஷிஃப்ட் ஆட்களிடம் காட்டுங்கள். பகல் ஷிஃப்ட்டில் கேள்வி கேட்கப் பக்கத்தில் ஆள் இருப்பார்கள். இரவில் தனியாகச் சமாளிக்கிறவருக்குத்தான் பாடத்தில் உள்ள ஓட்டை தெரியும். இன்னொன்று, ஸ்டோரிபோர்டில் (பாடத்தில் எதைக் காட்டுவோம், என்ன சொல்வோம் என்று வரிசையாக எழுதிய தாள்) உள்ள ஒவ்வொரு வரியும் ஒப்புதல் பெறும் வரை குரல் பதிவுக்குப் போகாதீர்கள். காகிதத்தில் ஒரு சொல்லை மாற்ற ஒரு நிமிடம். பதிவு செய்த பிறகு அதே சொல்லுக்காக ஆளைக் கூப்பிட்டு, பதிந்து, ஒட்டி, மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

நடத்தும் கட்டத்தில் டியூட்டி ரோஸ்டர்தான் எஜமான். இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதலிலேயே பேசி, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சின்னச் சின்னக் குழுக்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுக்கு டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் வகுத்த நான்கு நிலைகளைத்தான் எல்லோரும் எழுதுவார்கள்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, விளைவு மாறியதா. ஆனால் பல அறிக்கைகள் முதல் நிலையோடு, அதாவது கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகின்றன. சாப்பாடு நன்றாக இருந்தால்கூட அந்தப் படிவத்தில் மதிப்பெண் ஏறும்! உங்களிடம் அனாலிசிஸ் கட்டத்துச் செக்லிஸ்ட் இருக்கிறது. சில வாரங்கள் கழித்து அதே வார்டில், அதே நேரத்தில், அதே செக்லிஸ்ட்டை வைத்துப் பைகளைப் பாருங்கள். மூன்றாவது நிலை கைக்கு வந்துவிடும். டப்பாவின் இடம் மாறிய வார்டையும் மாறாத வார்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இல்லையென்றால் மாற்றம் வகுப்பால் வந்ததா, டப்பாவால் வந்ததா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

வைவாவில் "ஏன் ஆடி? ஏன் சாம் இல்லை?" என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். சாம் என்பது மைக்கேல் ஆலன் முன்வைத்த முறை; சின்ன மாதிரிகளைச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போவது. என் பதில், பாடத்தின் உள்ளடக்கம் அரசு விதியில் ஏற்கெனவே முடிவானது, அதில் பரிசோதனைக்கு இடமில்லை, ஒப்புதலும் எழுத்தில் வேண்டும் என்பதுதான். ஆனால் டெவலப்மென்டுக்குள் மாதிரி செய்து திருத்தியதையும் சொன்னேன். இரண்டையும் எதிரிகளாகக் காட்ட வேண்டியதில்லை.

அதே விதிகள் வேலையில் சேரும்போதும், அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தரச் சொல்கின்றன. ஆகவே அடுத்த வருடம் இதை நடத்தப்போவது நீங்கள் இல்லை, இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ்தான். திருத்தக்கூடிய மூலக் கோப்புகள், நடத்துபவருக்கான குறிப்பு, தேர்வுத் தட்டில் வைக்க வேண்டிய பொருட்களின் பட்டியல், தேவை, நோக்கம், தேர்வு, பாடம் என்று போட்ட அந்த அட்டவணை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கும் ஒரு கையெழுத்து வாங்கி அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.