வருகைக் கடிதம் வந்தால் முதலில் பதிவைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் நம் சனத்தில் பலருக்குப் பள்ளியிலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கும். பிள்ளையின் வருகை குறைந்துவிட்டது என்று தொடங்கி, நடுவில் ஒரு சதவீதத்தைத் தடித்த எழுத்தில் போட்டு, கடைசிப் பந்தியில் சட்டம், கவுன்சில் (உள்ளூராட்சி சபை), அபராதம் என்று முடிந்திருக்கும். பிள்ளை ஏன் வரவில்லை என்பதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மூத்த மகளுக்கு அந்தக் கடிதம் நவம்பரில் வந்தது. அவளுக்கு ஆஸ்துமா. குளிர் தொடங்கினால் இரவெல்லாம் இருமி, விடியும் நேரத்தில்தான் நித்திரையாவாள்.

மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார் கணவர். தெரிந்த அக்கா ஒருவரும் அதையே சொன்னார்: "கவுன்சில்காரரோடு ஏன் வம்பு? சொறி சொல்லிப்போட்டு விடு." எனக்கு மனம் ஒப்பவில்லை. சுகமில்லாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்ததற்கு எதற்கு மன்னிப்பு? அந்தச் சதவீதம் எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம் என்று பள்ளி அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டேன். மகளின் வருகைப் பதிவை ஒவ்வொரு நாளுக்கும் போட்ட குறியீட்டோடு அனுப்புங்கள் என்று கேட்டேன். எங்களுக்கு எல்லாவற்றையும்விட உதவியது அந்த ஈமெயில்தான்.

பதிவைப் பார்க்க முன் கணக்கைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பள்ளி நாளைக் காலை, பின்நேரம் என்று இரண்டு அமர்வாகக் குறிக்கிறார்கள். ஆண்டுக்கு 190 நாள், அதாவது 380 அமர்வு. அதில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தவறினால், தொடர்ந்து வராத பிள்ளை என்ற கணக்கில் பெயர் விழுந்துவிடும். வருத்தமா, உல்லாசப் பயணமா என்று அந்தக் கணக்குப் பார்க்காது. ஆண்டின் தொடக்கத்தில் அது இன்னும் கடுமையாகத் தெரியும். செப்டெம்பரிலிருந்து ஒக்டோபர் அரைத்தவணை விடுமுறை வரை ஏறத்தாழ 35 பள்ளி நாட்கள்தான். அதற்குள் 4 நாள் காய்ச்சலில் படுத்தாலே 10 சதவீதம் தாண்டிவிடும். கடிதம் பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான் வருகிறது.

அபராதத்துக்குப் பார்ப்பது இந்தச் சதவீதத்தை அல்ல. 2024 ஓகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுவதும் ஒரே விதி: 10 பள்ளி வாரங்களுக்குள் 10 அமர்வுகள் அனுமதியில்லாமல் தவறினால் அபராதத்தைப் பற்றிப் பள்ளி யோசிக்க வேண்டும். சுகயீனம் என்று பள்ளி ஏற்றுக்கொண்ட நாட்கள் அதில் சேராது. ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் என்ன எழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். சுகயீனத்துக்கு 'ஐ'. வைத்தியரிடமோ ஆஸ்பத்திரிக்கோ போனால் 'எம்'. காரணம் இன்னும் தெரியாவிட்டால் 'என்'. ஐந்து பள்ளி நாட்களுக்குள் காரணம் கிடைக்காவிட்டால் அது 'ஓ' ஆகிவிடும், அதாவது அனுமதியில்லாத வராமை.

எங்கள் மகளின் பதிவில் 'ஓ' பல இடத்தில் இருந்தது. எல்லாம் நான் காலையில் போன் பண்ணி, பள்ளியின் குரல் பதிவுக் கருவியில் செய்தி விட்ட நாட்கள். அழைத்த நேரங்கள் என் போனில் அப்படியே இருந்தன. ஆஸ்துமா கிளினிக்குக்குப் போய்விட்டு பத்து மணிக்குக் கொண்டுபோய் விட்ட காலைகளில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'யூ' இருந்தது.

இந்த 'யூ'வைப் பலருக்குத் தெரியாது, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேடு திறந்திருக்கும்போது பிந்தி வந்தால் 'எல்' போடுவார்கள். பிந்தி வந்தாலும் வந்ததாகவே கணக்கு. பதிவேடு மூடிய பிறகு வந்தால் 'யூ'. பிள்ளை ஒன்பதரையிலிருந்து வகுப்பில் இருந்து படித்தாலும், அந்தக் காலை முழுவதும் அனுமதியில்லாமல் வராத அமர்வு என்றே பதிவாகும். பதிவேட்டை அரை மணி நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பது விதி, எத்தனை மணிக்கு மூடுவது என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கும். உங்கள் பள்ளியில் எத்தனை மணி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் 'யூ'க்களால் மட்டுமே அபராதம் வர முடியும்.

பிழையான நாட்களைப் பட்டியல் போட்டு, போன் அழைப்புகளின் படத்தையும் கிளினிக்கிலிருந்து வந்த குறுஞ்செய்திகளையும் சேர்த்து அனுப்பினேன். அப்புறம் வருகை அலுவலர் ஒரு சந்திப்புக்குக் கூப்பிட்டார். வகுப்பாசிரியையும் வந்திருந்தார். அலுவலர் முதலில் கேட்டது, இனி ஒவ்வொரு சுகயீனத்துக்கும் குடும்ப வைத்தியரான ஜி.பி.யிடமிருந்து கடிதம் கொண்டுவர முடியுமா என்று. இரண்டு நாள் இழுப்புக்கு ஜி.பி. கடிதம் தரமாட்டார் என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அரசின் வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: உண்மையான சந்தேகம் இருந்தால்தான் மருத்துவ ஆதாரம் கேட்க வேண்டும், அதற்கும் மருந்துச் சீட்டு, சந்திப்பு அட்டை போன்றவை போதும். அதை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேசையில் வைத்ததும் பேச்சின் தொனி மாறியது. அவர் கெட்டவர் இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர். ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் கடிதம் தேடி நாங்கள்தான் அலைந்திருப்போம்.

ஆஸ்துமா நேர்ஸ் எழுதித் தந்த திட்டத்தையும் கொடுத்தேன். எந்தப் பம்ப் (இன்ஹேலர்) எப்போது, எத்தனை முறை, எந்த நிலையில் வீட்டில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை வைத்துப் பள்ளியிலேயே மகளுக்கென்று ஒரு சுகாதாரப் பராமரிப்புத் திட்டம் எழுதினார்கள். இலேசான இருமல் இருக்கும் நாளில் வீட்டில் வைக்காமல் அனுப்பலாம், பம்ப் அடிக்கத் தெரிந்தவர் இருக்கிறார் என்ற தைரியம் எங்களுக்கு வந்தது. அவள் வருகை கூடியது இதனால்தான், கடிதத்தால் இல்லை.

வைத்தியத்தோடு சம்பந்தமில்லாத பிந்தல்களும் சில இருந்தன, உண்மைதான். சின்னவனின் நேர்சரி திறப்பதும் இவளின் பள்ளிக் கதவு மூடுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். இருவரையும் விடுவது நான் ஒருத்தி. இதைச் சொன்னதும், பள்ளி தொடங்க முன்னமே பிள்ளையை விடக்கூடிய காலையுணவு கிளப்பில் இடம் இருக்கிறது என்றார் வகுப்பாசிரியை. இப்போது இவளை முதலில் விட்டுவிட்டு நேர்சரிக்குப் போகிறேன்.

அபராத விபரத்தையும் சொல்லிவிடுகிறேன். 160 பவுண். 28 நாளுக்குள் கட்ட வேண்டும், 21 நாளுக்குள் கட்டினால் 80. தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும். மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாம் தடவை என்றால் கழிவு இல்லை, 160தான். மூன்றாம் தடவை அபராதம் போடாமல் நீதிமன்றம் வரை போகலாம். அபராதச் சீட்டு வந்த பிறகு மேன்முறையீட்டுக்கு வழியில்லை. பிழையாகக் கொடுத்திருந்தால் கவுன்சில் அந்தச் சீட்டைத் திரும்பப் பெறலாம், அவ்வளவுதான். அதனால்தான் முதல் கடிதத்திலேயே பதிவைச் சரிபார்க்கச் சொல்கிறேன். தவணை நடுவில் கலியாணம், கோயில் திருவிழா என்று ஒரு வாரம் ஊருக்குப் போனால் அதுவே 10 அமர்வு. போவதென்று முடிவெடுத்தால் உள்ளதைச் சொல்லிப் போங்கள். காய்ச்சல் என்று பொய் சொன்னால், உண்மையாகவே காய்ச்சல் வரும் நாளில் உங்களை நம்பமாட்டார்கள். தீபாவளி போன்ற சமய நாளுக்குத் தனிக் குறியீடு இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அல்லது தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னால்தான் அம்மா அப்பாவுக்குப் பிரச்சினை என்று அந்த மனம் எடுத்துக்கொள்ளும்.

பதிவைத் திருத்தினார்கள். வருகைச் சதவீதம் இன்னும் 90க்குக் கீழேதான், ஏனென்றால் சுகயீன நாட்களும் வராத நாட்கள்தானே. ஆனால் அபராதக் கணக்கில் அவள் பெயர் இல்லை. கடிதத்தின் வாசகத்தைப் பற்றியும் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். நீண்டகால வருத்தம் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு அதே அபராதப் பந்தியை அனுப்பாமல், என்ன உதவி தேவை என்று கேட்டு வேறொரு கடிதம் அனுப்புங்கள் என்று. அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகப் பதில் வந்திருக்கிறது.