சக்ராதா ஃபமீலியா முகப்புகளை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா பேராலயத்தில் சிற்பங்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் வெயிலைக் கணக்குப் பண்ணுங்கள். கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி திசை பார்த்துத் திட்டமிட்ட கோயில் இது. இயேசு பிறப்பு முகப்பு வடகிழக்கே காலை வெயிலுக்கு, பாடுகளின் (இயேசு பட்ட துன்பங்களின்) முகப்பு தென்மேற்கே சாயும் வெயிலுக்கு. எந்த வேளையில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

பிறப்பு முகப்பில் எல்லோரும் நேராக அண்ணாந்து பார்ப்பார்கள். குனிந்து ஆரம்பிப்பதே நல்லது. வாசல்களைப் பிரிக்கும் இரண்டு பெரிய தூண்களும் ஆமைகள் மேல் நிற்கின்றன. கடல் பக்கம் இருப்பதற்குத் துடுப்புக்கால், அது கடலாமை. மலைப் பக்கம் இருப்பதற்கு நகமுள்ள பாதம், அது நில ஆமை. ஆமைகள் மாறாத காலத்துக்கு அடையாளம். முகப்பின் இரு ஓரங்களிலும் பச்சோந்திகள் உண்டு, அவை மாற்றத்துக்கு. வாசல்கள் மூன்று: இடது சூசையப்பருக்கு, அது நம்பிக்கை, வலது மாதாவுக்கு, அது விசுவாசம், நடுவே இயேசுவுக்கு, அது அன்பு. நடுத்தூணின் அடியில் ஆப்பிளைக் கவ்விய பாம்பைத் தவறவிடாதீர்கள். அதே தூணில்தான் இயேசுவின் வம்சவரிசை சுற்றி ஏறுகிறது, அதாவது பாவத்திலிருந்து மீட்பு வரை ஒரே தூணில். உச்சியில் வெள்ளைப் புறாக்களோடு பச்சை சைப்ரஸ் மரம்: இலையுதிராத மரம் நித்தியம், புறாக்கள் அங்கே தஞ்சம் புகும் ஆன்மாக்கள். மரத்தடியில் கூழைக்கடா. தன் நெஞ்சைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளை ஊட்டும் பறவை என்ற பழைய நம்பிக்கையால் அது நற்கருணையின், அதாவது இயேசுவின் உடலும் இரத்தமுமாகப் பகிரும் அப்ப இரசத்தின், சின்னம் ஆனது. இந்த உயரத்துக்குக் கண் எட்டாது, பைனாகுலர் கட்டாயம்.

இதே முகப்பில், ஏரோது மன்னனின் ஆணைப்படி மாசற்ற குழந்தைகளைக் கொல்லும் படைவீரனின் காலில் ஆறு விரல் இருக்கும். அதில் மறைபொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கௌடி உயிருள்ள மனிதர்களையும் விலங்குகளையும் பிளாஸ்டரில் அச்செடுத்து வேலை செய்தவர். மாதிரியாக நின்றவருக்கே ஆறு விரல். முகப்பில் கண்ணில் படுவதெல்லாம் குறியீடு ஆகிவிடாது.

பாடுகளின் முகப்புச் சிற்பங்கள் சிற்பி ஜோசப் மரியா சுபிராக்ஸின் கைவேலை. 1980களில் தொடங்கி 2005 வரை நீண்டது. இங்கே குழப்பம் வேறு விதம். மேலிருந்து கீழாகப் படித்தால் கதை தலைகீழாகிவிடும். இடது கீழ் மூலையில் இயேசுவின் கடைசி இரா உணவில் தொடங்கி வலது பக்கம், அவருக்குத் தீர்ப்பிட்ட ரோம ஆளுநர் பிலாத்து வரை போங்கள். அங்கிருந்து நடு வரிசைக்கு ஏறி வலமிருந்து இடமாக வாருங்கள். மறுபடி ஏறி இடமிருந்து வலமாகப் போனால் இயேசுவை அடக்கம் செய்யும் காட்சியில் முடியும். ஏறக்குறைய ஒரு சிலுவைப்பாதைதான், பாம்பு போல நெளிந்து மேலே ஏறுகிறது.

யூதாஸ் முத்தமிடும் இடத்துக்குப் பக்கத்தில் எண் கட்டம் ஒன்று இருக்கிறது:

1 14 14 4
11 7 6 9
8 10 10 5
13 2 3 15

எந்தப் பக்கம் கூட்டினாலும் 33, மரபுப்படி இயேசு இறந்தபோது அவருக்கு இருந்த வயது. ஏதோ இரகசியச் சங்கத்தின் முத்திரை என்று கதை கட்டுவார்கள். பக்கத்தில் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1514இல் செதுக்கிய கட்டத்தை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிது. அதில் 1 முதல் 16 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை, கூட்டுத்தொகை 34. அதைத் தலைகீழாகத் திருப்பி, வரிசைக்கு ஒன்றாக நான்கு எண்களில் ஒவ்வொன்று குறைத்தால் 33 வந்துவிடும்: 15 என்பது 14, 12 என்பது 11, 11 என்பது 10, 16 என்பது 15. அதனால்தான் 10உம் 14உம் இரண்டு முறை வருகின்றன, 12உம் 16உம் காணாமல் போயின.

மேலே சிலுவையில் மரமே இல்லை, இரும்பு உத்திரங்கள். முன்னால் நீளும் உத்திரத்தின் முனை ரோமன் ‘ஐ’ எழுத்து வடிவம். அதற்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். சிலுவையின் தலைமாட்டில் வைக்கும், ‘நசரேயன் இயேசு, யூதர்களின் அரசன்’ என்ற இலத்தீன் வாசகத்தின் முதல் எழுத்து அது. நடு வரிசையில், இயேசுவின் முகத்தைத் துணியால் துடைத்ததாகச் சொல்லப்படும் வெரோனிக்காவுக்கு முகமே கிடையாது. துணியிலுள்ள இயேசுவின் முகம் உட்குழிவாக வெட்டியது. சாய்வெயிலில் பார்த்தபடி நகர்ந்தால் அந்த முகம் நம் பக்கம் திரும்புவது போலிருக்கும்.

கடல் பக்கத்து மகிமையின் முகப்பு இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. அதன் வெண்கலக் கதவுகளை உள்ளிருந்து பார்க்கலாம். கர்த்தர் கற்பித்த செபம் முழுதும் கத்தலான் மொழியில், ‘அன்றாட உணவை’க் கேட்கும் வரி மட்டும் பல மொழிகளில். கைப்பிடியாக முன்னே நீளும் ‘ஏ’, ‘ஜி’ எழுத்துகள் கௌடியின் முதலெழுத்துகள். “எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்” என்ற வரியில் ‘விழ’ என்பதற்கான கத்தலான் சொல்லுக்குள்ளிருந்து அவற்றை எடுத்திருக்கிறார் சுபிராக்ஸ்.