கெர்னலுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை: டிஆர்எம் எம்எம்-க்குத் தமிழில் விளக்கம் எழுதுகிறேன்

ஆடிப்பெருக்கு அன்றைக்கு எடுத்த வேலை. இப்போது புரட்டாசி. மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவு பாதி வயலில் முடிந்திருக்கிறது, என் வேலையும் பாதி தாண்டியிருக்கிறது. பகலில் அரவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு மணி நேரம் இதற்கு. இதுவரை செய்து பார்த்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் கிராபிக்ஸ் பகுதிக்கு டிஆர்எம் என்று பெயர், டைரக்ட் ரெண்டரிங் மேனேஜர் என்பதன் சுருக்கம். அதற்குள் டிஆர்எம் எம்எம் என்று சுமார் ஆயிரம் வரியில் ஒரு கோப்பு இருக்கிறது. திரைக்குப் போகும் படம், விளையாட்டில் சுவருக்கு ஒட்டும் டெக்ஸ்சர் எல்லாவற்றுக்கும் கிராபிக்ஸ் சில்லான ஜிபியுவின் முகவரிப் பரப்பில் இடம் வேண்டும். எது எந்த முகவரியில் தொடங்கி எதுவரை இருக்கிறது என்று கணக்கு வைப்பதுதான் இந்தக் கோப்பின் வேலை. நினைவகத்தை அது தொடுவதே இல்லை. பண்ணைக் கணக்குப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருக்காது, ஆனால் யார் நிலம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். அந்த மாதிரி. இவர் இன்னும் கண்டிப்பு: எழுதுவதற்கான தாளைக்கூட இடம் கேட்டு வருகிறவர்தான் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஒரு நோடு, அதாவது ஒரு பதிவு, உண்டு. அந்த நோடுக்கான நினைவகத்தை டிரைவர், அதாவது கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் நிரல், தன் செலவில் கொண்டுவர வேண்டும், அதுவும் பூஜ்யத்தால் துடைத்து. பூட்டும் டிரைவர் பொறுப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கணக்கில் கைவைத்தால் தடுக்க இவரிடம் ஏற்பாடு இல்லை.

கெர்னல் ஆவணங்களுக்குச் சீனம், ஜப்பானியம், கொரியன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் மொழிபெயர்ப்பு அடைவுகள் இருக்கின்றன. தமிழுக்கு இல்லை. முழுவதையும் கொண்டுவர என்னால் ஆகாது. மில்லுக்கு வந்து என்னிடம் சி மொழி கேட்கும் இரண்டு பாலிடெக்னிக் பையன்களுக்குப் புரிகிற மாதிரி இந்த ஒரு கோப்பையாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் வாரம் முழுக்கச் சொல் தேடலிலேயே போனது. ஒதுக்காமல் கிடக்கும் இடத்தை ஆங்கிலத்தில் ஹோல் என்கிறார்கள். குழி என்று எழுதினால் நம் பக்கம் குழப்பம்தான் வரும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று இன்னும் பேசுகிற ஊர் இது. கடைசியில் தரிசு என்று வைத்தேன். பயிர் ஏறாத நிலம், நாளைக்கு யாருக்கும் கொடுக்கலாம். அதன் பிறகு எழுத்து ஓட ஆரம்பித்தது. இன்டெல்லின் ஐ915 டிரைவர், கேஷ் முறை ஒத்துவராத இரண்டு பொருள்கள் ஒட்டி வராதபடி நடுவே ஒரு காவல் பக்கம் விடுகிறது. அதற்காக ஒவ்வொரு நோடிலும் கலர் என்று ஓர் எண் இருக்கிறது. அதை வரப்பு என்று எழுதினேன், விளக்கமே தேவைப்படவில்லை.

அடுத்த முடிச்சு அவிழ ஐந்து நாள் ஆனது. தரிசுக்கென்று இந்தக் கோப்பில் தனிப் பதிவே கிடையாது. எங்கெங்கு காலி என்று ஒரு பட்டியல் இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நோடும் தனக்கு அடுத்து எவ்வளவு தரிசு கிடக்கிறது என்பதைத் தன்னிடமே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெரியப்பா முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இதைச் சொன்னேன். "அதுக்குன்னு தனியா பேரு எதுக்குடா? இன்னாரு நெலத்துக்குக் கெழக்குன்னு எழுதுனா அந்த எடம் தெரிஞ்சிடும்ல" என்றார். பத்திரத்தில் நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லை, எழுதுவது அப்படித்தானே. என் விளக்கத்தில் அந்தப் பத்தி அவர் சொன்னபடியே இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. கணக்கு தொடங்கும்போது ஒரு நோடும் இல்லை. முழுப் பரப்பும் தரிசு. அப்போது அது யாருக்குக் கிழக்கு?

விடை, பரப்பைத் துவக்கும் இனிட் செயல்கூற்றில் இரண்டே வரியாக இருக்கிறது. தலைமேல் ஒரு கருத்துரை: தனி விதிவிலக்கைத் தவிர்க்க ஒரு சாமர்த்தியமான வழி என்று. என்ன வழி என்று சொல்லவில்லை. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பரப்பு 0-இல் தொடங்கி 100 வரை என்று வைத்துக்கொள்வோம். தலை நோடு என்று ஒரு போலி நோடு வைக்கிறார்கள். அதன் தொடக்கம் 100, அதன் அளவு கழித்தல் 100. இவை குறியில்லாத 64 பிட் எண்கள், ஆகவே தொடக்கத்தையும் அளவையும் கூட்டினால், பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999 தாண்டி 00000-க்கு வருவது போல, சுற்றி வந்து 0-இல் நிற்கும். அதாவது அந்த நோடு 100-இல் தொடங்கி 0-இல் முடிகிறது. நோடுகளைக் கோத்த பட்டியலோ வட்டமானது, தலைக்கு அடுத்தது மீண்டும் தலைதான், அது தொடங்குவது 100-இல். ஆகவே தலை நோடுக்குப் பின்னால் 0 முதல் 100 வரை தரிசு. முதல் ஒதுக்கீடும் நடுவில் வருவதும் கடைசியில் வருவதும் ஒரே பாதையில் நடக்கின்றன, எங்கும் ஒரு 'இஃப்' கிடையாது. புரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த இரண்டு வரிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், குறைக்கப் போவதில்லை.

எழுதியது சரிதானா என்று ஓட்டிப் பார்க்காமல் ஒரு வாக்கியத்தையும் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குக் கெர்னலின் சோதனைக் கருவியான கேயூனிட் பெரிய துணை. கெர்னலையே ஒரு சாதாரண நிரல் போல மடிக்கணினியில் ஓட்டிச் சோதிக்கலாம், கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. டிஆர்எம் எம்எம்-க்கு ஏற்கெனவே இருக்கும் சோதனைக் கோப்பில் என்னுடையதை ஒட்டினேன். நூறு அலகு, எனக்கு அது ஒரு மா. அதில் 20, 20, 15, 30, 5 என்று ஐந்து துண்டுகள் வரிசையாகக் கொடுத்தேன். கடைசியில் பத்து மிச்சம். பிறகு இரண்டாவதை விடுவித்தேன், அப்புறம் நான்காவதை. இப்போது மூன்று தரிசு: 20–40, 55–85, 90–100. இந்த நிலையில் 5 அலகு கேட்டால் எங்கே கிடைக்கும்? அது கேட்கும் முறையைப் பொறுத்தது. 'பெஸ்ட்' என்றால் போதுமானவற்றுள் மிகச் சிறியது, 90-இல் கொடுத்தது. 'லோ' என்றால் கீழிருந்து, 20-இல். 'ஹை' என்றால் மேலிருந்து, அதுவும் தரிசின் மேல் நுனியில், 95-இல். 'எவிக்ட்' என்றால் கடைசியாகக் காலியானது, 55-இல். நான்கு முறைக்கும் நான்கு விடை வரும்படி இந்த எண்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை ஆனது. பையன்களுக்கு இந்தப் படம்தான் சட்டென்று பிடித்தது. ஒருமுறை ஐந்தாவது துண்டை விடுவிக்க மறந்து டேக்டவுன் அழைத்தேன். கணக்கை மூடும்போது இன்னும் பாக்கி இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது. அதையும் விளக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

இந்த நான்கு முறையைச் சோதித்தபோதுதான் பெரிய விஷயம் கண்ணில் பட்டது. கோப்பின் தலையில் ஒரு பழைய கருத்துரை. 2006-இல் டங்ஸ்டன் கிராபிக்ஸ் நிறுவனத்தில் எழுதிய காலத்தது, எழுதியவர் தாமஸ் ஹெல்ஸ்ட்ரோம். காலியிடங்கள் இப்போது ஒழுங்கில்லாத ஓர் அடுக்காகத்தான் (கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வரும் ஸ்டாக்) இருக்கின்றன, சிவப்பு-கருப்பு மரம் (வரிசைப்படுத்தி வைத்து வேகமாகத் தேட உதவும் அமைப்பு) வைத்தால் மேம்படும் என்கிறது அது. கொஞ்சம் கீழே உள்ள அறிமுகப் பகுதியும் அடுக்கைத்தான் சொல்கிறது, தேடல் நேரம் காலியிடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்கிறது. ஆனால் 2017-இல் வந்த 4.11 பதிப்பிலேயே மரங்கள் வந்துவிட்டன. பின்னால் தரிசு உள்ள நோடுகளை அந்தத் தரிசின் அளவுப்படி கோக்க ஒரு மரம், முகவரிப்படி கோக்க ஒரு மரம். இடம் ஒதுக்கத் தேடும்போது அடுக்கு 'எவிக்ட்' முறைக்குத்தான் பயன்படுகிறது. 2006-இன் ஆசை நிறைவேறிப் பல வருடம் ஆகியும், ஆசைப்பட்ட வரி அப்படியே நிற்கிறது.

ஆவணத்தை மட்டும் படித்து நான் மொழிபெயர்த்திருந்தால், இல்லாத ஒன்றைத் தமிழில் எழுதியிருப்பேன். முதல் வரைவில் அப்படித்தான் எழுதியும் இருந்தேன். 'பெஸ்ட்' முறை சரியாக 90-இல் போய் நின்றபோது, வெறும் அடுக்கிலிருந்து இது எப்படி வந்தது என்று நிரலைத் திறந்தேன், அங்கே மரம் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நிரலிலிருந்து நேராக எழுதினேன். ஆங்கிலக் கருத்துரைக்கும் ஒரு திருத்தம் தயார் செய்திருக்கிறேன், ஆறு வரி. திருத்தத்தின் வடிவத்தைச் சரிபார்க்கும் செக்பேட்ச் குறை சொல்லவில்லை. எச்டிஎம்எல் ஆவணம் எச்சரிக்கை இல்லாமல் உருவாகிறது. கையொப்ப வரி போட்டு இந்த வாரம் அனுப்புவேன்.

இன்னும் முடிக்காதது வெளியேற்றத் தேடல். பெரிய பொருளுக்குத் தொடர்ச்சியான இடம் வேண்டும், ஆனால் தரிசு சிதறிக் கிடக்கிறது. பழையவற்றை வரிசையாக வெளியேற்றிக்கொண்டே போனால் தேவையில்லாத பல சின்னப் பொருள்களும் போய்விடும். அதனால் நிஜமாக வெளியேற்றும் முன் ஒத்திகை பார்க்கிறார்கள்: ஒவ்வொரு நோடாகப் பட்டியலிலிருந்து கழற்றி, போதுமான இடம் சேர்ந்ததும் நிறுத்தி, கழற்றிய வரிசைக்கு நேர்த் தலைகீழாக எல்லாவற்றையும் மீண்டும் மாட்டுகிறார்கள். எது உண்மையில் போக வேண்டும் என்பது மாட்டும்போது தெரியவரும். ஏன் தலைகீழ் என்பதற்கு ஆவணம் ஒரு வரிதான் தருகிறது.

கும்மி வட்டத்தை நினைத்துக்கொண்டால் விளங்குகிறது. பொன்னி, வள்ளி, செல்வி, தேவி என்று வரிசையாக நிற்கிறார்கள். வள்ளி வெளியே போகிறாள், தன் இடப்பக்கம் பொன்னி என்று நினைவில் வைத்துக்கொண்டு. பிறகு செல்வி போகிறாள். அப்போது அவளுக்கு இடப்பக்கமும் பொன்னிதான், வள்ளி அங்கே இல்லையே. செல்வி முதலில் திரும்பிப் பொன்னிக்குப் பக்கத்தில் நுழைந்து, அடுத்து வள்ளி நுழைந்தால் பழைய வரிசை வந்துவிடும். வள்ளி முந்திக்கொண்டால்? பொன்னி, செல்வி, வள்ளி, தேவி. சோதித்தேன். கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் ஓட்டியபோது எந்தப் பிழையும் சொல்லாமல் 40-இல் தொடங்கும் துண்டு 20-இல் தொடங்குவதற்கு முன்னால் போய் நின்றது. அந்தச் சரிபார்ப்பைத் தரும் டிபக் எம்எம் அமைப்பை இயக்கிய பிறகு, முதல் தவறான நுழைவிலேயே கெர்னல் நின்றுவிட்டது. அந்த அமைப்பை இயக்காமல் இந்தப் பகுதியில் யாரும் கைவைக்கக் கூடாது என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

தீபாவளிக்குள் இந்தப் பகுதி முடிந்துவிடும். அடுத்தது டிஆர்எம் பட்டி (ஆங்கிலத்தில் buddy). 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளான அளவுகளில் இடத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் வேறு வகைக் கணக்கு அது. தரிசு என்ற சொல் அங்கே பொருந்துமா என்று பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். பாகப் பிரிவினைப் பத்திரம் நிறைய எழுதியவர்.