அம்மாச்சியின் சுருக்குப்பை

நேற்றும் அதே கூத்துதான். சுருக்குப்பையை அத்தை திருடிவிட்டாள் என்று அம்மாச்சி தெருவுக்கே கேட்கும்படி சத்தம். கடைசியில் பை அரிசிப்பானைக்குள் கிடந்தது, உள்ளே காய்ந்த வெற்றிலையும் ஒரு பழைய பஸ் டிக்கெட்டும். ஒளித்தது அம்மாச்சியேதான்.

"கிழவிக்குக் குசும்பு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதுதான் எரிச்சலாக வருகிறது. அம்மாச்சிக்கு இருப்பது அல்சைமர் என்கிற மறதி நோய், இந்தச் சந்தேகமும் அந்த நோய்தான். 1901-ல் பிராங்க்ஃபர்ட்டில் இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த நோயாளி அகுஸ்டே டேட்டருக்கு வயது 51, அவருக்கு முதலில் தெரிந்த அறிகுறியே கணவர் மேல் வந்த பொறாமையும் சந்தேகமும்தான், மறதி அதற்குப் பிறகு.

அப்புறம் அம்மா மெதுவாகக் கேட்டாள், "எனக்கும் வருமாடா?" அபோஇ4 என்கிற மரபணு வகை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் அல்சைமர் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் இன்னும் அதிகம், ஆனாலும் அது இருந்து நோய் வராதவர்களும் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு என்றேன். இந்தச் சந்தேகப் புத்திக்கும் அதுதான் காரணமா? ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன.

அத்தை எதுவும் கேட்கவில்லை. அதே துணியில் இன்னொரு சுருக்குப்பை தைத்துக்கொண்டிருந்தாள்.