ஒரு ஃபெரிக் கட்டணத்துக்கு 120 கிலோபைட்

2009ஆம் ஆண்டில் என் கைப்பேசி நிறுவனம் இணையத்துக்கு ஒரு கிலோபைட்டுக்கு 1 காசு என்று கணக்கு வைத்திருந்தது. காதில் விழும்போது மலிவாகத்தான் இருக்கும். 1,024 கிலோபைட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட் என்பதையும், அப்படியானால் ஒரு மெகாபைட்டின் விலை 10 வெள்ளி (ரிங்கிட்) 24 காசு என்பதையும் அவர்களுடைய விளம்பரத் தாள் பெருக்கிச் சொல்லவில்லை. நான் அப்போது மலேசியாவில் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, பினாங்குத் தீவில் லெபோ பந்தாய் பக்கம் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தீவுக்குப் போகும் ஃபெரிக்குக் கட்டணம் 1 வெள்ளி 20 காசு. திரும்பி வருவதற்குக் காசு கிடையாது. ஆகவே 120 கிலோபைட் என்பது எனக்கு ஒரு ஃபெரி. எந்த இணையப் பக்கத்தைப் பார்த்தாலும் இதற்கு எத்தனை ஃபெரி ஆகும் என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. படங்கள் நிறைந்த ஒரு நாளிதழின் முகப்பைத் திறப்பது, நாலைந்து முறை கடலைக் கடப்பதற்குச் சமம்.

கைப்பேசி நோக்கியா இ63. பிராங்கின் மாலில் ஒரு கடையில், யாரோ சில மாதங்கள் வைத்திருந்து விற்றதை 600 வெள்ளிக்கு வாங்கினேன். சிவப்பு நிறம், படுக்கைவசமாக அமைந்த 2.36 அங்குலத் திரை. அதன் கீழே முழு விசைப்பலகை. மூன்றாம் தலைமுறை வலையமைப்பு அதில் உண்டு, ஆனால் வினாடிக்கு 384 கிலோபிட்டுக்கு மேல் போகாது. அதே ஆண்டு மார்ச்சில் மேக்சிஸ் என்ற கைப்பேசிச் சேவை நிறுவனம் ஐபோனை மலேசியாவுக்குக் கொண்டுவந்திருந்தது. அலுவலகத்தில் ஒருவரிடம் இருந்த ஐபோனைத் தொட்டுப் பார்த்தபோது, கண்ணாடியைத் தடவி எழுதுவது நமக்கு ஒத்து வராது என்று நான் தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கிறது. என் தீர்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

இணையத்தோடு சேருவதே ஒரு சடங்கு. பக்கம் ஒன்றைக் கேட்டால், எந்த ஆக்சஸ் பாயிண்ட் வழியாகப் போகட்டும் என்று கைப்பேசி திருப்பிக் கேட்கும். பட்டியலில் வாப், எம்எம்எஸ், இன்டர்நெட் என மூன்று பெயர்கள் நிற்கும். தவறானதை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கம் வராது. சரியானதை அழுத்தினால் திரையின் மேல் மூலையில் ஓர் எழுத்து தோன்றும். 3ஜி என்றால் மகிழ்ச்சி, இ என்றால் பரவாயில்லை, ஜி என்றால் தேநீர் வாங்கி வரலாம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே அடி விழுந்தது. கைப்பேசியில் மின்னஞ்சலைப் பொருத்திவிட்டு, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை புதிய அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கும்படி அமைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மாலையில்தான் 30 வெள்ளிக்கு டாப்-அப் செய்திருந்தேன். மறுநாள் காலை ஃபெரி முனையத்திலிருந்து, இன்று தாமதமாக வருவேன் என்று அலுவலகத்துக்குச் சொல்ல முயன்றபோது அழைப்பு போகவில்லை. மீதி 38 காசு. இரவு முழுவதும் அது கடமை தவறாமல் போய் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறது. உறவுக்காரர் ஒருவர் அனுப்பியிருந்த கல்யாணப் படங்களையும் முழுசாக இறக்கி வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் மிகவும் பணிவாக, "நீங்கள் பயன்படுத்தியதுதான், சார்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது.

அன்றிலிருந்து ஒரு 555 புத்தகம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம்தான். கைப்பேசியின் பதிவேட்டுக்குள் போனால் எத்தனை கிலோபைட் அனுப்பியது, எத்தனை பெற்றது என்று ஒரு கணக்கு இருக்கும். இரவில் அதைப் பார்த்து எழுதிவிட்டு எண்ணைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுவேன். கணக்கர் அலுவலகத்தில் பகலெல்லாம் பிறர் செலவை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து என் செலவை எழுதினேன்.

ஓபரா மினி வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அந்த உலாவி நாம் கேட்கும் பக்கத்தைத் தானே போய் எடுத்து வராது. கேட்டதை ஓபராவின் சேவையகத்துக்கு அனுப்பும்; அந்தச் சேவையகம் பக்கத்தைத் திறந்து, படங்களைச் சுருக்கி, தேவையற்றதைக் கழித்து, சிறு பொட்டலமாகக் கட்டிக் கைப்பேசிக்கு அனுப்பிவைக்கும். 300 கிலோபைட் பக்கம் 30 கிலோபைட்டாக வந்து இறங்கியதை என் 555 புத்தகத்தில் இரண்டு கோடு போட்டுக் குறித்து வைத்தேன். இரண்டரை ஃபெரிக்கு ஆகும் செலவு கால் ஃபெரிக்குள் அடங்கியது. இந்த மகிழ்ச்சியெல்லாம் ஆங்கிலப் பக்கங்களுக்கு மட்டுந்தான் என்பது, ஒரு தமிழ் வலைப்பூவைத் திறந்தபோது தெரிந்தது.

திரை முழுவதும் கட்டங்கள். தலைப்பில் கட்டங்கள், உள்ளே கட்டங்கள், நடுநடுவே அந்த வலைப்பூக்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஓரிரு சொற்களும் ஆண்டுகளும் மட்டும் கரைசேர்ந்தவை போல நின்றன. என் கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லை. நோக்கியாவுக்குத் தமிழ் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் அந்த நிறுவனம் விற்ற விலை குறைந்த கைப்பேசிகள் சிலவற்றில் தமிழ் இருந்தது. 2006இலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் அதற்கு ஒரு தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தமிழ் பேசுகிற கைகள் கைப்பேசிகளைப் பொருத்திக்கொண்டிருக்க, இங்கே ஃபெரியில் உட்கார்ந்து நான் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வழி சொன்னவர் பிராங்கின் மால் கடைக்கார அண்ணன்தான். உறை வாங்கப் போன இடத்தில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "கொடுங்க தம்பி" என்று வாங்கி, ஓபரா மினியின் முகவரிப் பெட்டியில் ஓபரா என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று சேர்த்தார். அதுவரை நான் பார்த்தேயிராத ஓர் அமைப்புப் பக்கம் திறந்தது. அதன் அடியில், சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்தவா என்ற பொருளில் ஒரு வரி. அதற்கு நேராக இல்லை என்று இருந்ததை ஆம் என்று மாற்றிச் சேமித்தார். பிறகு அதே வலைப்பூவைத் திறந்தார். கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ் வந்து நின்றது. விளிம்புகள் கொஞ்சம் பிசிறடித்திருந்தன, கொம்பும் காலும் லேசாக நடுங்கின, ஆனால் தமிழ். இந்த வேலைக்கு அண்ணன் காசு வாங்கவில்லை; உறைக்கு மட்டும் 15 வெள்ளி வாங்கினார், அது கூடுதல் விலை.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தபோது மகிழ்ச்சி பாதியானது. கைப்பேசியில் எழுத்துரு இல்லாததால், சேவையகம் தமிழ் வரிகளைத் தானே வரைந்து படங்களாக அனுப்புகிறது. நான் படித்தது எழுத்தை அல்ல, எழுத்தின் புகைப்படத்தை. படத்துக்கு எடை அதிகம். 25 கிலோபைட்டில் வந்த ஓர் ஆங்கிலக் கட்டுரையின் நீளமே உள்ள தமிழ்க் கட்டுரைக்கு 80, 90 என்று என் புத்தகத்தில் எண்கள் ஏறின. படமாக இல்லாமல் எழுத்தாகவே வந்தாலும் கணக்கு நமக்குச் சாதகமில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனித்தனியே மூன்று. "அம்மா" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தால் 4 பைட், தமிழில் 15.

குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் ஒன்று கலந்துவிட்டாலே அது 70ஆகச் சுருங்கிவிடும். "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்பதற்கே 27 இடம் போய்விடுகிறது. பெயரும் போட்டு நாலு வார்த்தை நலமும் விசாரித்தால் இரண்டு செய்திக் காசு. கோலாலம்பூர்க்காரரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளிவந்திருந்தது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப நான் அதைத்தான் நாடினேன், ஆனால் மறுமுனையில் இருப்பவரின் கைப்பேசிக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமே. என் நண்பர்களில் அப்படி இருந்தவர் ஒரே ஒருவர். ஆகையால் நாங்கள் இருவரும் தேவையில்லாத விஷயங்களைக்கூடத் தமிழில் எழுதிக்கொண்டோம். மற்றவர்களுக்கெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்தான்; "வரேன்", "பசியாறியாச்சா" எல்லாம் அந்த உடையில்தான் போயின.

தமிழுக்கு இப்படித் தனிச் சுங்கம் இருந்தும் நான் தமிழ்ப் பக்கங்களையே அதிகம் படித்தேன் என்று 555 புத்தகம் சொல்கிறது. சில வாரங்களில் டாப்-அப் செலவு ஃபெரிச் செலவைத் தாண்டியிருக்கிறது. கட்டுரையை முனையத்தில் நிற்கும்போதே திறந்து, முழுதாக இறங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் ஃபெரியில் ஏறுவேன். நடுக்கடலில் கரையின் கோபுரத்தை விட்டுத் தீவின் கோபுரத்தைப் பிடிக்கும் இடத்தில் 3ஜி இ ஆகும், இ ஜி ஆகும், சில நாள் எதுவுமே இருக்காது. ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் உப்புக் காற்று திரையில் படியும். வெயில் நேராக விழுந்தால் எழுத்து மறையும். உடம்பை வளைத்து நிழல் பண்ணிக்கொள்ள வேண்டும். தீவின் உயரமான கட்டடமான கொம்தார் பெரிதாகிக்கொண்டு வரும்போது கடைசிப் பத்தியில் இருக்க வேண்டும் என்பது என் குறி. தவறிப்போய்ப் பின்செல்லும் விசையில் விரல் பட்டால், பக்கம் போய்விடுமோ, மறுபடியும் முக்கால் ஃபெரி ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்பா பிறைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் தமிழ்ப் பத்திரிகையை விளம்பரம் விடாமல் படிப்பவர். ஒரு நாள் என் கைப்பேசியைப் பார்த்து, "தம்பி, இதுல தமிழ் வருமா?" என்று கேட்டார். "கட்டம் கட்டமா வருதுப்பா" என்றேன். கடைக்கார அண்ணன் சரிசெய்து கொடுத்த மாலையில், தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். "எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்றார். ஆனால் முடிக்கும்வரை திருப்பித் தரவில்லை. இதற்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி ஆயிற்று என்று நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஒரே ஒரு சேதிக்கா? அந்தக் காசுக்கு முழுப் பேப்பரே வாங்கிடலாமே" என்றவர், அதற்குப் பிறகு அந்தக் கைப்பேசியில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவருக்குப் பிடித்தது வேறொன்று. இ63இல் முகப்புத் திரை இருக்கும்போது ஸ்பேஸ் விசையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பின்னால் உள்ள விளக்கு எரியும். மின்சாரம் போன ஓர் இரவில் இதைக் கண்டுகொண்டவர், பின்வாசல் பூட்டைப் பார்க்கவும், காருக்கு அடியில் போன பூனையைத் தேடவும், "அந்த லைட்டைக் கொடு" என்றுதான் கேட்பார்.

பிறகு நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் திட்டங்கள் வந்தன, வாட்ஸ்அப் வந்தது, கிலோபைட்டை எண்ணுவது நின்றது. எந்த நாளில் நின்றது என்று தெரியவில்லை; 555 புத்தகத்தில் 2011 மார்ச்சுக்குப் பிறகு தக்காளி விலையும் வெங்காய விலையும்தான் இருக்கின்றன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.0இல் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருந்தது. 2013இல் ஐபோனுக்குத் தமிழ் விசைப்பலகையும் கிடைத்தது. கட்டங்களைப் பற்றிச் சொன்னால் அக்காள் மகள் இப்போது நம்புவதில்லை.

கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய ஃபெரிகள் 2020 முடிவோடு நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு முடிவில் நாட்டின் 3ஜி வலையமைப்பையும் மூடினார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய படகுகளில் கட்டணம் 2 வெள்ளி, பயணமும் பாதி நேரந்தான். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறிய சிம் அட்டையைப் பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தி இ63இல் போட்டு, அதை எடுத்துக்கொண்டு அந்தப் படகில் ஏறினேன். மேல் மூலையில் இ என்ற எழுத்து வந்தது. ஆக்சஸ் பாயிண்ட் எது என்று கேட்டது, சொன்னேன். கைப்பேசியோடு வந்த பழைய உலாவி அது. சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. இன்னொரு முறை முயன்றேன். அதற்குள் படகு கரையில் இடித்து நின்றது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். படிக்கட்டில் இறங்கிக்கொண்டே பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்: பெற்றது 9 கிலோபைட்.