பூட்ஸுக்குள் பன்றி இறைச்சி

லண்டன் மாநகரக் காவல்துறையில் ஒரு முஸ்லிம் போலீஸ்காரர். அவருடைய பூட்ஸுக்குள் சக ஊழியர்கள் பன்றி இறைச்சியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சீக்கியக் காவலருக்குத் தாடியையே கத்தரித்திருக்கிறார்கள். கேட்டால் "சும்மா விளையாட்டு".

அந்தக் காவல்துறையின் நடத்தையை ஆராய்ந்து லூயிஸ் கேசி 2023 மார்ச்சில் தந்த அறிக்கையில் இருக்கிறது இதெல்லாம்.

அதைவிட என்னை உலுக்கியது ஒரு எண். வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் கறுப்பினக் காவலர்கள் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கும் வாய்ப்பு 81% அதிகம்.

எப்படி நடக்கிறது? வெள்ளைக்காரக் காவலர் தப்பு செய்தால் அவருக்கு மேலே இருக்கும் சார்ஜென்ட் தனியே கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார். கறுப்பினத்தவர் என்றால் 'நமக்கேன் வம்பு' என்று நேரே மேலே ஃபைலைத் தள்ளிவிடுவார். வெறுப்புகூட வேண்டாம், பயம் போதும்.

லண்டனில் இனவெறியர்கள் கொன்ற கறுப்பின இளைஞர் ஸ்டீஃபன் லாரன்ஸ். அந்தக் கொலையைப் போலீஸ் விசாரித்த லட்சணம் பற்றிய மெக்ஃபெர்சன் அறிக்கை 1999லேயே 'நிறுவனமயமான இனவெறி' என்றது, அதாவது கோளாறு சில ஆட்களிடம் மட்டுமல்ல, அமைப்பிலேயே இருக்கிறது என்று. 24 வருஷம் கழித்து கேசியும் அதையேதான் சொன்னார். கமிஷனர் மார்க் ரௌலி குறைகளை ஒப்புக்கொண்டார், 'நிறுவனமயமான' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்க மறுத்தார். அரசியல்வாதி பேச்சு!

என்னைக் கேட்டால், மாற்றம் சார்ஜென்ட் மேஜையில்தான் தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு, காவலர் ஒருவரைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டால், சந்தேகத்துக்கான காரணத்தையும் எதைத் தேடுகிறோம் என்பதையும் அந்த ஆளிடம் சொல்லியாக வேண்டும், பதிவின் நகல் கேட்கும் உரிமையையும் சேர்த்து. அந்தப் பதிவில் "சந்தேகமாக நடந்துகொண்டார்" என்று மொட்டையாக இருந்தால் சார்ஜென்ட் கையெழுத்துப் போடக் கூடாது. உடல் கேமரா வீடியோவை ஓடவிட்டு, அப்படி என்ன செய்தார் அவர் என்று அந்தக் காவலரிடமே கேட்க வேண்டும்.